நான்கு சிமிட்டல்

மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பேயில், ஆர்தர் தெருவில், எனக்கு முன்னால்
பனி வாரும் லாரி ஒன்று
நீல விளக்கைச் சுழற்றியபடி ஊர்ந்தது.
முந்த வழியில்லை. இருபது நிமிடம்
அதன் முதுகைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்தவர் லெஸ் டராசுக்.
உடம்பில் மூன்று ஸ்வெட்டர், காலில் ஒற்றைச் செருப்பு.
"எரியுது, அணையுது, மறுபடி எரியுது.
நான் எதையும் தொடலை."
கேட்காமலே வரும் பதில்களை
ஓரமாக எடுத்து வைத்துக்கொள்வேன்.
பிறகு பயன்படும்.

நிலவறையில், ஃபர்னஸின் கண்ணாடிப் பொட்டுக்குள்
சிவப்பு விளக்கு:
நான்கு சிமிட்டல், ஒரு நிறுத்தம்.
நான்கு சிமிட்டல், ஒரு நிறுத்தம்.
மூடியின் உள்பக்கத் தாளில் பொருள் இருக்கிறது.
லிமிட் ஸ்விட்ச் திறந்துவிட்டது.
அதாவது, உள்ளே சூடு மிஞ்சிவிட்டது.
அதாவது, காற்று போதவில்லை.
அதாவது, இன்னும் எதுவும் தெரியவில்லை.

ஃபில்டரை உருவினேன். சுத்தம்.
கதவு ஸ்விட்சை அமுக்கி டேப் ஒட்டினேன்.
தொழிலில் நான் சொல்லும் ஒரே பொய் இது:
மூடித்தான் இருக்கிறது என்று
இயந்திரத்தை நம்பவைப்பது.
டிரான்ஸ்ஃபார்மரில் இருபத்தாறு வோல்ட். சரி.
ப்ளோயருக்குப் போகும் வயரில் நூற்றுப் பத்தொன்பது. சரி.
சக்கரம் சுற்றத்தான் செய்தது,
போகப் பிடிக்காத வீட்டுக்குக் கிளம்புகிறவர்
செருப்புத் தேடுவதுபோல.

மின்சாரத்தை நிறுத்தி
கெப்பாசிட்டரின் இரு காதுகளுக்கும் நடுவே
ரெசிஸ்டர் வைத்து மிச்சத்தை வடித்தேன்.
அணைத்தபின்னும் கடிக்கும் சாமான்.
மேலே அச்சடித்திருப்பது ஏழரை.
மீட்டர் காட்டியது நான்கு.
இந்த மோட்டாருக்கு ஏழரை இருந்தால்தான்
நல்ல காலம்.

புதியதை மாட்டினேன். சக்கரம் நிமிர்ந்து ஓடியது.
படியில் நின்ற லெஸ் கைதட்டினார்.
நான் தட்டவில்லை.
வெளியேறும் குழாயில் வெப்பமானியைச் செருகி
காத்திருந்தேன்.
பத்தாவது நிமிடம் அடுப்பு அணைந்தது.
நான்கு சிமிட்டல்.

பாதி உண்மையோடு கிளம்பிப் போகிறவளுக்குத்தான்
அதே வீட்டிலிருந்து அடுத்த போன் வரும்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
கறுப்பு, வேகம். நீலம், நடு. சிவப்பு, மெது.
வெப்பத்துக்கான முனையில் நீலம் இருக்க வேண்டும்.
இருந்தது சிவப்பு.

நீலத்தை அப்படியே தொங்கவிடாமல்
நுனியில் டேப் சுற்றி, மடித்து,
மற்ற கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு கை.
தொழில் தெரிந்த கையல்ல.
அக்கறை தெரிந்த கை.
டேப் பச்சை. ஹாக்கி மட்டைக்குச் சுற்றுவது.

ஓரமாக வைத்ததை எடுத்தேன்.
"லெஸ், இது யாரு?"

அவர் மேலே, உத்தரத்தைப் பார்த்தார்.
"மார்னி பகல்லதான் தூங்குவா.
ராத்திரி பூரா பனி லாரி ஓட்டுறா.
இது சரியா அவ தலைமாட்டுக்குக் கீழ.
அக்டோபர்ல மாத்தினேன். சத்தம் குறையட்டும்னு."

அக்டோபர் பொறுத்துக்கொண்டது.
ஜனவரியில் கெப்பாசிட்டரும் தளர்ந்தபோது
பொறுக்கவில்லை.

நீலத்தை அதன் இடத்தில் செருகினேன்.
சூடு இறங்கி, தகட்டில் எழுதிய எல்லைக்குள் நின்றது.
சத்தம் ஏறியது. காதைக் கொடுத்தேன்.
மோட்டார் இல்லை அது.
காற்று திரும்பும் தகரப் பெட்டியின் ஒரு மூலை
ஆணி விட்டுப்போய் வயிறு உப்பி அதிர்ந்தது.
இரண்டு ஸ்க்ரூ. பில்லில் சேர்க்கவில்லை.

"இன்னும் கேக்குதே, ரைலி."
"கேக்கும். காத்து போனா கேக்கும்."

கெப்பாசிட்டர், ஒன்று.
வயர் இடம் மாறியிருந்தது.
எதற்காக என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்தே காலுக்கு வேனைக் கிளப்பினேன்.
ஆர்தர் தெரு மறுபடி மூடிக்கிடந்தது.
தூரத்தில் ஒரு நீல விளக்கு.
அவளாக இருக்கலாம். வேறு யாராகவும்.
இருபது நிமிடத் திட்டில்
பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.
மீதி அப்படியே இருக்கட்டும்:
மெதுவாகத்தான் போனாள்.